உட்காரும் அட்டை

கெனாரித் தெருவில், மூடிக் கிடக்கும் செருப்புக் கடையின் முன்னால் உள்ள நடைபாதை விளிம்பில் உட்காருவதற்கு இப்போது ஏழு ஆவணங்கள் வேண்டும். நான் முதல்முறை அங்கே உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் ஓடாமல் நின்றுபோன ஒரு வண்டியும் மட்டும்.

நாங்கள் மூன்று பேர். என் பெயர் செனோ, கைபேசி உறைகளில் படம் அச்சடிக்கும் கடையில் வேலை. தெகார், வெளிநாட்டுப் பழைய துணி மூட்டைகளைப் பிரித்து, கிழியாத ஜாக்கெட்டுகளைக் கைபேசி நேரலையில் விற்பவன். வெனிங், ஜப்பானில் முதியோர் இல்லத்து வேலைக்காக ஒன்றரை வருடமாக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தவள். மாலை ஐந்து மணிக்கு வந்து உட்காருவோம். பார்ஜோ மாமா சைக்கிளில் வெந்நீர்க் குடுவைகளும் சரம் சரமாகக் காபிப் பொட்டலங்களும் தொங்க வருவார். பிளாஸ்டிக் கோப்பையில் கலக்கித் தருவார். இருட்டும் வரை இருப்போம். இதற்கு எங்கள் ஊரில் நொங்க்ரொங் என்று பெயர். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சும்மா என்போம். கேட்டவரும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு எந்த இடத்திலும் இருப்புக் கொள்ளாது. கடையில் நாற்காலியில் இருந்தால் கால் ஆடும். வீட்டில் படுத்தால் புரண்டு புரண்டு பாய் சுருண்டுவிடும். அந்த விளிம்பில், வெனிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கால் நின்றுவிடும். ஏன் என்று நான் ஆராய்ந்ததில்லை. அவளிடம் சொன்னதும் இல்லை.

நான்காம் தேதி மாலை அவள் காபியை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"விசா வந்துடுச்சுடா. இருபத்தெட்டாம் தேதி ஃப்ளைட்."

நான் குனிந்து விரல்களை மடக்கினேன்.

"என்ன, அழுவுறியா?"

"இல்ல. நாள் எண்றேன்."

"இருபத்து நாலு. நான் எண்ணிட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? போற வரைக்கும் தெனம் வா. எதுவும் பேச வேணாம். வீட்ல எல்லாரும் பேசிட்டே இருக்காங்க. அத்தை பூகம்பத்த நெனச்சு அழுவுறா, சித்தப்பா அங்கேர்ந்து ஷேவிங் மிஷின் வாங்கிட்டு வான்னு சொல்றாரு. இங்க மட்டும்தான் யாரும் என்னை ஒண்ணும் கேக்குறதில்ல."

சரி என்றேன். நான் யாருக்கும் கொடுத்ததிலேயே எளிய வாக்குறுதி அதுதான் என்று நினைத்தேன்.

அன்று மாலை தெகார் எதிர்ப் பக்கத்திலிருந்து எங்களைப் படம் எடுத்திருக்கிறான். இரண்டு பேர், இரண்டு காபிக் கோப்பைகள், பதினோரு நிமிடம், அசைவில்லை. மேலே 'ஒன்றும் செய்யாதிருத்தல்' என்று எழுதிப் போட்டுவிட்டான். மறுநாள் மதியத்துக்குள் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தொளதொளக் கால்சட்டைகளும் கழுத்தில் மாட்டிய பெரிய ஹெட்ஃபோன்களுமாக ஊர் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை அந்தத் தெருவில் இருநூறு பேர் மிகுந்த சிரமத்துடன் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்.

ஒரு பெண் குனிந்து என்னைக் கேட்டாள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா? நாங்க சும்மா இருக்கிறத ஷூட் பண்ணணும். ஆறரைக்கு இன்னொரு எடத்துல சும்மா இருக்கணும், லேட்டாயிரும்."

தள்ளி உட்கார்ந்தோம். அப்படியும் இடம் இருந்தது. திங்கட்கிழமை நகர இளைஞர் வாழ்வுமுறை வாரியம் வந்தது. அதற்குப் பிறகு இடம் இல்லை.

வாரியத்தின் தலைவர் பாக் ஹர்திமான்; பாக் என்றால் எங்கள் மொழியில் ஐயா. மெழுகுச் சாயப் பூப்போட்ட பாத்திக் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பலகை, பின்னால் குடை பிடிக்க ஒருவர். அந்தத் தெருவில் ஒரே இரவில் பந்தல் முளைத்தது. சாட்டின் உறை போட்ட நாற்காலிகள் வரிசையாக வந்தன. நடைபாதை விளிம்பைச் சுற்றி சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அட்டைப்பெட்டியில் சிற்றுண்டி: வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டை, ஒரு பொரித்த சுருள், கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாய், மூடி ஒட்டிய கோப்பைத் தண்ணீர். தேசிய கீதம், பிரார்த்தனை, ஐந்து வரவேற்புரைகள். ஆறாவதாக பாக் ஹர்திமான் பேசினார்.

"அன்பான இளைஞர்களே! நம் இளைஞர்கள் நெடுங்காலமாகத் திசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மக்கள் உட்கார்ந்திருப்பதை அரசு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நானும் உங்கள் வயதில் இப்படி நடைபாதையில் உட்கார்ந்தவன்தான். எனக்கு வழிகாட்ட அன்று எந்த வாரியமும் இல்லை. அதன் விளைவைத்தான் இன்று நீங்கள் இந்த மேடையில் பார்க்கிறீர்கள்!"

கைதட்டல் எழுந்தது. 'திசையுள்ள அமர்வு' என்று திட்டத்துக்குப் பெயர். இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு குழு மலையடிவார ஹோட்டலில் மூன்று நாள் தங்கியதாக அவரே பெருமையோடு சொன்னார். பிறகு கோங் என்னும் பெரிய வெண்கலத் தட்டை மூன்று முறை அடித்தார். அந்த நிமிடத்திலிருந்து, உட்காரும் அட்டை இல்லாதவர்கள் ரிப்பனுக்கு உள்ளே போகக் கூடாது என்று ஆனது.

"ஆனா நாங்கதான இங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி, நீங்கதான் அந்த வீடியோ!" என்று என் தோளைத் தட்டினார் பாக் ஹர்திமான். "உங்களாலதான் இந்தத் திட்டமே. முன்னோடிங்களே வரிசையில வராட்டி மத்தவங்க எப்பிடி வருவாங்க?"

இன்னும் பதினேழு மாலைகள் இருந்தன.

தெகாரை அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நாட்டில் எதற்கும் ஒரு தூதர் உண்டு. முட்டை சாப்பிடுவதற்கும் உண்டு, பல் துலக்குவதற்கும் உண்டு. தெகார் உட்காருதலின் தூதர் ஆனான். தோளில் குறுக்காகப் பட்டுப்பட்டை. வாரத்துக்கு ஆறு விழாக்கள்.

"உக்காரக்கூட நேரமில்லடா," என்றான் பாவம் போல. "தூதர்னா நின்னுட்டே இருக்கணுமாம். பட்டை கசங்கிரும்னு சொல்றாங்க."

நானும் வெனிங்கும் அட்டைக்கு அலைந்தோம். தெருத் தலைவர் கடிதம், அதற்கு மேல் வட்டாரத் தலைவர் கடிதம், முதுகெலும்பு நலச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று. வட்டாரத் தலைவர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி இது? கல்யாணமா, வேலையா?"

"உக்காரறதுக்கு, பாக்."

"எங்க?"

"ரோட்டோரம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, இது தனக்குத் தெரியாத புதுச் சட்டம் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்ற முகத்தோடு முத்திரை குத்தினார். "சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது," என்றார்.

வாரிய அலுவலகத்தில் மூன்றாம் எண் சாளரத்தில் இபு ரத்மி, அதாவது ரத்மி அம்மா, இருந்தார். ஐம்பது வயது, கண்ணாடிச் சங்கிலி, மேசையில் வறுத்த மரவள்ளிச் சீவல் டப்பா. எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"குழு போட்டோ எங்க?"

நீட்டினேன். நானும் வெனிங்கும், பின்னால் சிவப்புத் துணி.

"சிவப்பா? நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு, இபு."

"ஒத்தப்படை, சிவப்பு. சரி. இவங்க?"

"ரெண்டாயிரத்து ரெண்டு," என்றாள் வெனிங்.

"இரட்டைப்படை. இவங்களுக்குப் பின்னால நீலம் இருக்கணுமே."

"ஒரே போட்டோல எப்பிடி இபு?"

"நான் என்ன பண்றது? ரெண்டு பேரும் ஒரே வருஷம் பொறந்திருக்கலாம்."

வெனிங் தீவிரமாகச் சொன்னாள். "எங்கம்மா முயற்சி பண்ணாங்க இபு. நான்தான் ஒரு மாசம் லேட்டு."

இபு ரத்மி சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு சீவலை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். நான்கு அதிகாரிகள் கூடி முடிவெடுத்திருந்தார்கள்: குழு என்பதும் ஒரு பிறவி, ஆகவே குழு முதன்முதலில் உட்கார்ந்த வருடத்தை வைத்தே நிறம்.

"எந்த வருஷம் ஒண்ணா உக்கார ஆரம்பிச்சீங்க?"

நானும் வெனிங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

"மழை நாள் ஒண்ணுல," என்றேன்.

"வருஷம், தம்பி."

"கொரோனா முடிஞ்ச அடுத்த வருஷம்," என்றாள் வெனிங், தயங்காமல். "நவம்பர். உன் வண்டி நின்னுடுச்சு. தள்ளிட்டு வந்து அங்க நிறுத்துன. நான் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். பஸ் வந்துச்சு, நான் ஏறல."

பேருந்து வந்தது எனக்குத் தெரியாது. என் கால் சாளரத்துக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

"அந்த வருஷத்துக்குச் சான்று வேணும்," என்றார் இபு ரத்மி. "ரெண்டு சாட்சி."

விழாவுக்கு நடுவே ஓடிவந்து தெகார் ஒரு சாட்சியாகக் கையெழுத்திட்டான், பார்ஜோ மாமா இன்னொரு சாட்சியானார். சைக்கிளை வெளியே நிறுத்த விடமாட்டோம் என்றதால் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வந்தார். காபிக்காரர் சாட்சியாக முடியுமா என்று கேட்டார்கள். "அந்தப் பொண்ணுக்குச் சர்க்கரை கம்மி, அந்தப் பையனுக்கு ரெண்டு பொட்டலம் ஒண்ணாக் கொட்டணும். வேற என்ன தெரியணும்?" என்றார் அவர். அதைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினார்கள்.

பதினொரு மாலைகள் மிச்சம்.

அடுத்தது பயிற்சி. இரண்டு நாள், மண்டபத்தில், சான்றிதழோடு. ஊக்குவிப்பாளர் ஒருவர் தலையில் மைக் மாட்டிக்கொண்டு எங்களை எழுப்பினார், உட்கார வைத்தார், மறுபடி எழுப்பினார். "உற்சாகக் கைதட்டல்!" என்று அலறினார். மூன்று தட்டு, இரண்டு தட்டு, ஒரு குத்து. காலையில் முன்தேர்வு: உட்காருதல் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எல்லோரும் நன்றாக எழுதினோம். மறுநாள் பின்தேர்வு. எல்லோரும் தோற்றோம். பயிற்சியின் தேவையை இது நிரூபிப்பதாக ஊக்குவிப்பாளர் அறிவித்து, இன்னொரு நாள் நீட்டித்தார்.

அங்கேதான் விதிகள் தெரிந்தன. ஒரு குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர். ஒரு மணி நேர அமர்வுக்கு மூன்று படைப்பூக்க யோசனைகள் பதிவாக வேண்டும். அமைதி மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊக்குவிப்பாளர் மைக்கோடு வருவார்.

நான் கை தூக்கினேன். "அமைதியா இருக்கத்தான் உக்காருறோம்."

"நல்ல கேள்வி!" என்றார் ஊக்குவிப்பாளர். "நண்பருக்கு ஒரு கைதட்டல்!" பதில் அவ்வளவுதான்.

வெனிங் அந்த மூன்று நாளில் இரண்டு நாள் வரவில்லை. மருத்துவப் பரிசோதனை, மூட்டை கட்டல், விடைபெற உறவினர் வீடுகள். வந்த ஒரு நாளும் எங்களை வேறு வேறு மேசையில் பிரித்துப் போட்டார்கள், புது அறிமுகங்கள் உருவாக வேண்டுமாம். இரண்டு மேசைகளுக்கு அப்பாலிருந்து அவள் என்னைப் பார்த்துத் தன் காலைச் சுட்டினாள்: உன் கால் ஆடுது. தெரியும் என்று தலையாட்டினேன்.

ஐந்து மாலைகள் மிச்சமிருக்கும்போது விண்ணப்பம் திரும்பி வந்தது. 'அமர்வின் நோக்கம்' என்ற கட்டத்தில் நான் 'சும்மா' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் வட்டம்.

"இத மட்டும் மாத்துங்க தம்பி," என்றார் இபு ரத்மி, குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் தொழில் முனைவுன்னு எழுதுறாங்க. நீங்களும் எழுதிட்டுப் போங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

பேனாவை எடுத்தேன். எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வெனிங் என் மணிக்கட்டில் விரல் வைத்தாள்.

"வேணாம்டா. அது ஒண்ணுதான் அந்தத் தாள்ல உண்மை."

"உனக்கு அஞ்சு நாள்தான் இருக்கு!"

"எனக்கில்ல. நமக்கு. கத்தாத."

இபு ரத்மி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, நீ எங்க போற?"

"ஜப்பானுக்கு இபு. இருபத்தெட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து, எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பாக் ஹர்திமானின் அறைக்குள் போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"ஜப்பானா?" பாக் ஹர்திமானின் குரல் எழும்பியது. "நம்ம குழுவுலேர்ந்து ஒரு பொண்ணு வெளிநாட்டு வேலைக்கா? எப்ப? இருபத்தெட்டா? அப்போ இருபத்தேழாம் தேதி விழா வைங்க! திட்டம் ஆரம்பிச்சு மூணு வாரத்துல பயனாளிக்கு வெளிநாட்டு வேலை! எந்த வாரியம் சாதிச்சிருக்கு சொல்லுங்க!"

"அந்தப் பொண்ணு ஒன்றரை வருஷமா படிச்சிருக்கு, பாக்," என்றார் இபு ரத்மி.

"அந்த ஒன்றரை வருஷத்தையும் திட்டத்தோட ஆயத்த காலம்னு போட்டுக்குங்க."

நோக்கம் கட்டத்தில் அவர்களே 'உலகளாவிய மனிதவளம்' என்று எழுதி, எங்களுக்கு அட்டை கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஆளாகத் தூதர் தெகாரையே சேர்த்துக்கொண்டார்கள், நிற்கும் உறுப்பினர் என்று. ஆனால் அட்டை இருபத்தேழாம் தேதியிலிருந்துதான் செல்லும். இடையில் நான்கு மாலைகள் நான் ரிப்பனுக்கு வெளியே சுற்றிச் சுற்றி நடந்தேன். வெனிங் ஒரு மாலை வந்தாள். கூட நடந்தாள். காவலர் எங்களைக் கூர்ந்து பார்த்ததால் நிற்கவும் முடியவில்லை. "நடக்கும்போது நீ ரொம்ப பேசுற," என்றாள்.

இருபத்தேழாம் தேதி ஐந்து மணிக்கு நாங்கள் அந்த விளிம்பில் உட்கார்ந்தோம். எங்களுக்குக் கீழே மெத்தை போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டைகள். எதிரே நானூறு நாற்காலிகள், மேலே ஒரு ட்ரோன் வண்டு போல இரைந்தது. தெகார் பட்டையோடு எங்கள் பின்னால் நின்று, "மன்னிச்சிடுங்கடா," என்று முணுமுணுத்தான். பார்ஜோ மாமாவுக்கு அனுமதி இல்லை. அவருக்குப் பதிலாக வாரியத்தின் கூட்டாளி நிறுவனம் மின்சார வண்டியில் காபி கொண்டுவந்திருந்தது. அங்கே வெனிங்குக்குச் சர்க்கரை கம்மி என்று சொல்ல ஆளில்லை. ஊக்குவிப்பாளர் கையில் கடிகாரத்தோடு எங்களிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் ஆகும் ஒவ்வொரு முறையும் மைக்கை நீட்டினார்.

"வெனிங், இப்ப மனசுல என்ன யோசனை ஓடுது?"

"பெட்டி எடை இருபத்து மூணு கிலோவத் தாண்டிருச்சு."

"அருமை! யோசனை ஒண்ணு!"

பாக் ஹர்திமான் ஐந்தே காலுக்குப் பேச ஆரம்பித்தார்.

"இந்த இரண்டு பேரைப் பாருங்கள்! ஒரு காலத்தில் திசை தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள். இன்று ஒருவர் ஜப்பான் போகிறார். இன்னும் சரியாக வழிகாட்டினால் எல்லோரும் போய்விடுவார்கள்! இந்தத் தெருவில் உட்கார ஒருவரும் இல்லாத நாள் வரும். அந்த நாளுக்காகத்தான் இந்த வாரியம் உழைக்கிறது!"

நானூறு பேர் கைதட்டினார்கள். மூன்று தட்டு, இரண்டு தட்டு, ஒரு குத்து. ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால். தன் பள்ளி நாட்கள், தன் மனைவியின் தியாகம், மாநகரத் தலைவரின் தொலைநோக்கு. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. என் கால் மெத்தையே அதிரும்படி ஆடியது. ஒரு மணி நேரம். எனக்கு மிச்சமிருந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரம், அது இன்னொருவர் வாயில் கரைந்துகொண்டிருந்தது.

"ஆகவே, இரண்டாம் கட்டமாக..." என்று அவர் மூச்சிழுத்தபோது, தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து அந்தி பாங்கு எழுந்தது.

பாக் ஹர்திமான் மைக்கை இறக்கினார். பாங்கு ஒலிக்கும்போது எங்கள் ஊரில் எந்த மேடையும் பேசாது. எந்தத் தலைவரும் தொடர மாட்டார். ஊக்குவிப்பாளர் தன் மைக்கை அணைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ட்ரோன் கீழே இறங்கியது. நானூறு நாற்காலிகளும் அசையாதிருந்தன. முதல் பள்ளிவாசலைத் தொடர்ந்து ஆற்றுக்கு அப்பால் இன்னொன்று, அதன் பின் மார்க்கெட் பக்கம் ஒன்று.

வெனிங் மெத்தையை மெல்லப் பின்னால் தள்ளிவிட்டு வெறும் கல்லில் நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் நகர்ந்தேன். கல் பகல் வெயிலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எதிரே, மூடிய கடைகளுக்கு மேல், வானம் முதலில் செம்மையாகவும் பிறகு எந்த நிறம் என்று சொல்ல முடியாதபடியும் ஆயிற்று. மேடையில் பாக் ஹர்திமான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு மேடையின் ஓரத்தில், கால்களைத் தொங்கவிட்டுத் தானும் உட்கார்ந்தார். பேச்சு நின்றபின் அவர் முகம் யாரோ களைத்த மனிதருடையதாக இருந்தது.

என் கால் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கடைசிப் பள்ளிவாசலும் ஓய்ந்தது. அதற்குப் பிறகும் சில நொடிகள் யாரும் எழவில்லை. பாக் ஹர்திமான்தான் முதலில் விழித்துக்கொண்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"எங்க விட்டேன்?"

பக்கத்திலிருந்த அதிகாரிகள் குறிப்புகளைப் புரட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை.

வெனிங் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். "போதும்டா. வந்த வேலை முடிஞ்சுது," என்றாள். தொழுகைக்குக் கலையும் கூட்டத்துக்குள் நுழைந்து போனாள். காலையில் நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அங்கே அவளுடைய முப்பது உறவினர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கெனாரித் தெருவுக்குப் போனேன். ரிப்பனுக்குள் அடியெடுத்து வைத்ததும் காவலர் தடுத்தார்.

"அட்டை இருக்குண்ணே," என்றேன். இரண்டையும் காட்டினேன்.

"அட்டை ரெண்டு இருக்கு. ஆள் ஒண்ணு. குழுன்னா மூணு பேர் வேணும் தம்பி."

"ஒருத்தர் விழாவுக்குப் போயிருக்காரு. இன்னொருத்தங்க ஜப்பான் போயிட்டாங்க."

"அப்போ குழு கலைஞ்சிருச்சு. புதுசா விண்ணப்பிக்கணும். போட்டோலேர்ந்து."

நான் ரிப்பனுக்கு வெளியே வந்து, அந்தக் கல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டு, சும்மா. கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. காவலர் என் பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"நிக்குறேன்."

அவர் தன் விதிப் புத்தகத்தை எடுத்தார். முன்னாலிருந்து பின்னால் வரை புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் வரை புரட்டினார். நிற்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முகம் கவலையில் சுருங்க, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தின் வெற்றிடத்தில் என் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.